சொல்லிவிடுகிற மிஸ்

எங்கள் வேலையில் எதுவும் நடக்காமல் போனால்தான் வெற்றி. நடக்காமல் போனதை எந்த ரெஜிஸ்டரில் எழுதுவது என்று இன்றுவரை எனக்கு யாரும் சொல்லவில்லை. அரசுப் பள்ளிகளில் ஒரு பிள்ளைக்கு ஏதோ ஆகிவிடும்போல இருக்கிறது என்று யாருக்காவது தோன்றினால் கூப்பிடுகிற ஆலோசகர் நான். வீடு ஆரணியில். வெம்பாக்கம், பெரணமல்லூர் என்று பாதி ஆயுள் பஸ்ஸில் போகிறது. நீங்கள் வாத்தியாராக இருந்தாலும் சரி, வயசுப் பிள்ளையைப் பெற்றவராக இருந்தாலும் சரி, என் கஷ்டம் உங்களுக்குப் புதிதில்லை. "ஒண்ணுமில்ல" என்று ஒரு பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு சொல்லும்போது அதற்குமேல் என்ன கேட்பது என்று தெரியாதே, அதே கஷ்டம்தான். கீழே வருகிறவர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

சராசரி

வேலைக்குச் சேர்ந்த புதிதில் பெரணமல்லூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் உட்கார இடம் கேட்டேன். விளையாட்டுச் சாமான் அறையைத் திறந்துவிட்டார்கள். காற்றுப் போன வாலிபால்கள், ஓரம் உடைந்த கேரம் போர்டு, நடுவில் இரண்டு நாற்காலி. எல்லாப் பள்ளியிலும் இன்றைக்கும் எனக்கு அநேகமாக அதே அறைதான். நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. கண் பரிசோதனைக்கு வந்தவள் என்று நினைத்து ஒருவர் கண்ணாடி போட்ட பிள்ளைகளை வரிசையில் நிறுத்திவிட்டார்.

கணக்கு வாத்தியார் மட்டும் விஷயம் தெரிந்தவர். நான்கு பையன்களைத் தள்ளிக்கொண்டு வந்து என் முன்னால் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "மேடம், இதுல ரெண்டு பேர் வாயே மூட மாட்றானுங்க, ரெண்டு பேர் வாயே தொறக்க மாட்றானுங்க. நாலு பேரையும் சராசரி பண்ணி அனுப்புங்க, பீரியடு முடியறதுக்குள்ள."

கலர் பென்சில் டப்பா

அதற்கப்புறம் சில வருஷம் கழித்து, ஆரணியில் ஒரு பெண்கள் பள்ளி. திங்கட்கிழமை காலை. பதினோராம் வகுப்பு வகுப்பாசிரியை சுமதி டீச்சர் கதவோரம் வந்து நின்றார். நல்ல டீச்சர்; சும்மா வந்து நிற்கிறவர் இல்லை. ரேவதி என்று ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னார். பத்தாம் வகுப்பில் பள்ளியிலேயே இரண்டாவது மார்க். சயின்ஸ் குரூப் எடுத்தபிறகு பிசிக்ஸிலும் கணக்கிலும் விழுந்துவிட்டாள். ஆனால் அழுவதில்லை, சண்டை இல்லை, எல்லோரிடமும் சிரித்துப் பேசுகிறாள், நான்கு நாளாக ரொம்பவே நன்றாக இருக்கிறாள்.

"அப்புறம் என்ன டீச்சர்?" என்றேன். சுமதி டீச்சர் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே நின்றார். பிறகு சொன்னார். "அவளோட ஜெல் பேனா, ஹேர் கிளிப்பு, பயாலஜிக்குப் படம் போட்ற கலர் பென்சில் டப்பா, எல்லாத்தையும் பிரெண்ட்ஸுக்குக் குடுத்துகினு இருக்கா மேடம். நல்ல மனசுதான்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்குத்தான் இன்னாமோ மாதிரி இருக்குது."

ப்ராமிஸ்

எங்கள் தொழிலில் முதல் பாடம் ஒன்று உண்டு. பிள்ளை வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட வேண்டும்: நீ சொல்வது என்னோடு இருக்கும், ஆனால் உன் உயிருக்கு ஆபத்து என்றால் நான் சொல்ல வேண்டியவர்களிடம் சொல்லுவேன். இதைச் சொன்னால் பாதிப் பிள்ளைகள் எழுந்து போய்விடும் என்று பயமாக இருக்கும். இருந்தாலும் சொல்ல வேண்டும். அன்றைக்கு நான் சொல்லவில்லை. ரேவதி நாற்காலி நுனியில் உட்கார்ந்து, உள்ளங்கையை நீட்டி, "யார்கிட்டயும் சொல்லக் கூடாது, ப்ராமிஸ் பண்ணுங்க மிஸ்" என்றாள். இந்தக் கை திரும்பிப் போனால் மறுபடி நீளாது என்று தோன்றியது. அதன்மேல் என் கையை வைத்துவிட்டேன். என்ன காரணம் சொன்னாலும் அது தப்பு.

எல்லாவற்றையும் சொன்னாள். காலாண்டு ரேங்க் கார்டில் அம்மா கையெழுத்தை இவளே போட்டாள். அரையாண்டிலும் போட்டாள். வீட்டில் எல்லாரும் இவள் இன்னும் இரண்டாவது ரேங்க் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம். அம்மா வருவாள், தெரிந்துவிடும். அந்த வெள்ளிக்கிழமையைத் தான் பார்க்கப் போவதில்லை என்று முடிவு செய்திருந்தாள். அழாமல், வீட்டுப்பாடம் ஒப்பிக்கிறமாதிரி சொன்னாள். இப்போது எனக்கு நான்கு நாள் இருந்தது. கேட்ட அந்த நிமிஷமே சொல்லிவிட்டேன்: "ரேவதி, இதை நான் உங்க அம்மாகிட்ட சொல்லத்தான் போறேன். ப்ராமிஸ் பண்ணினது என் தப்பு." அவள் கத்தவில்லை. தன் உள்ளங்கையைச் சுடிதாரில் துடைத்துக்கொண்டாள். என்னைப் பார்த்தாள். "அம்மா கையெழுத்தப் போட்டது தப்புன்னா, நீங்க இப்பச் செய்யறது இன்னா மிஸ்?"

தறி ஓடாது

ரேவதியைத் தனியாக விடாமல் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளும்படி சுமதி டீச்சரிடம் சொல்லிவிட்டு அவள் வீட்டுக்குப் போனேன். அப்பா அரிசி மில்லுக்குப் போய்விட்டார். அம்மா தறியில் இருந்தார். அந்தத் தெருவில் வீட்டுக்கு ஒரு தறி, சுவருக்குச் சுவர் ஒட்டியிருக்கும். தறி ஓடுகிறவரை யார் வந்தார்கள், போனார்கள் என்று யாரும் கவனிப்பதில்லை. பகலில் பாதியில் நின்றால் பக்கத்து வீட்டுத் தலை ஜன்னலில் தெரியும். நிறுத்தச் சொல்லிக் கேட்டேன். "நிறுத்தினா தெருவே எட்டிப் பாக்கும் மேடம். நெய்துகினே கேக்கறேன், நீங்க சொல்லுங்க" என்றார். விஷயம் வெளியே போகக்கூடாது என்றால் அந்த வீட்டில் அதுதான் வழி. மறுத்துப் பேச எனக்கும் மனசு வரவில்லை.

அம்மா கால்விட்டு உட்கார்ந்திருந்த தறிக்குழி ஓரத்தில் தரையில் உட்கார்ந்து அவர் காதருகே குனிந்து சொன்னேன். மார்க்கு என்றேன், நூலை இழுத்துக்கொண்டு ஓடுகிற நாடா இந்தப் பக்கம் போனது. கையெழுத்து என்றேன், அந்தப் பக்கம் போனது, லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தார். மூன்றாவதை அந்தச் சத்தத்தில் மெல்லச் சொல்ல முடியவில்லை. ஒரு தாயிடம் அதைக் கத்திச் சொன்னேன், உங்கள் மகள் உயிரோடு இருக்க வேண்டாம் என்று நினைக்கிறாள் என்று. இத்தனை வருஷத்தில் என் வாயால் நான் செய்த கொடுமையான காரியம் அதுதான். அவர் கை இன்னும் இரண்டு தரம் தன்பாட்டுக்கு வேலை செய்தது. பிறகு நின்றது. நின்றதும் ஜன்னலில் ஒரு முகம் வந்தது. "இன்னாக்கா, தறி நின்னுபோச்சு?" ஏதாவது பொய் சொல்லி அனுப்புவார் என்றுதான் நினைத்தேன். அவர் குழியிலிருந்து ஏறி, முகத்தைக்கூடத் துடைக்காமல் ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்: "இஸ்கூல்லேந்து மேடம் வந்துகிறாங்க. எம்பொண்ணு விஷயம். இன்னிக்கித் தறி ஓடாது, போ."

வெள்ளிக்கிழமை

மறுநாளே தாயும் மகளும் அரசு மருத்துவமனையில் மனநல டாக்டரைப் பார்த்தார்கள். இரவில் அம்மா அவள் பக்கத்திலேயே படுத்தார். ரேவதி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு நானும் போனேன். பயமாகத்தான் இருந்தது. பிசிக்ஸ் வாத்தியார் ரேங்க் கார்டை மேஜையில் விரித்து, "இது நீங்க போட்டதாம்மா?" என்று கேட்டார். கேட்டிருக்கவே வேண்டாம். ரேவதி அம்மாவின் புடவையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.

அம்மா கார்டைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு பேனாவை வாங்கி, மகள் போட்ட இரண்டு கையெழுத்துக்கும் கீழே தன் கையெழுத்தை எழுத்து எழுத்தாகப் போட்டார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மகளுடையதுதான் அசல் மாதிரி இருந்தது. கார்டைத் திருப்பி வாத்தியார் பக்கம் நகர்த்தினார். "என் கையெழுத்த என்ன விட இவ நல்லா போட்டுகிறா சார். இதுக்கெல்லாம் மார்க்கு இல்லியா?"

திருப்பி வாங்கியது

அந்த வெள்ளிக்கிழமை நடக்காமல் போனது எதுவோ, அதுதான் என் வெற்றி. ஆனால் எங்களுக்கு ஒரு வெள்ளிக்கிழமை போதாது. அடுத்த வாரம் முழுக்க போன் அடித்தாலே யார் எண் என்றுதான் முதலில் பார்ப்பேன். புதன்கிழமை மத்தியானம் சுமதி டீச்சர் எண். எடுத்தால் மறுமுனையில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தேன்.

"டீச்சர், சொல்லுங்க" என்று கத்திவிட்டேன். பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "ஒண்ணும் இல்ல மேடம், பயந்துடாதீங்க. அந்தக் கலர் பென்சில் டப்பாவ சண்ட போட்டுத் திருப்பி வாங்கிகினு இருக்கா. செவப்பு பென்சில காணோம்னு கிளாஸையே பேஜார் பண்ணிகினு இருக்கா. எனக்கு அழுகையே வந்துடுச்சு."

கூட்டி வந்தவள்

ரேவதி பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். குரூப் மாறவில்லை, பிசிக்ஸில் இன்னும் தத்தளிக்கிறாள், ஆனால் கார்டு வீட்டுக்குப் போகிறது. டாக்டரிடமும் போய் வருகிறாள். என்னோடு பேச்சுவார்த்தை மட்டும் இல்லை. அவள் கோபம் நியாயமானது என்பதால் நானும் கிட்டே போகவில்லை. உண்மையைச் சொன்னால் மனசு வலித்தது. காப்பாற்றினோம் என்று நினைத்துக்கொள்ளும்போதெல்லாம், உள்ளங்கையைத் துடைத்துக்கொண்ட அந்தக் கைதான் கண்ணில் வரும்.

போன மாதம் ஆரணிப் பள்ளியில் அதே அறை, அதே காற்றுப் போன வாலிபால்கள். கதவில் ரேவதி நின்றாள். கையைப் பிடித்து இன்னொரு பெண்ணை இழுத்துக்கொண்டு வந்திருந்தாள், பத்தாம் வகுப்பு இருக்கும், அழுது முகம் வீங்கியிருந்தது. அந்தப் பெண்ணை என் எதிர் நாற்காலியில் உட்கார வைத்தாள். நான் இந்தமுறை முதல் பாடத்தைச் சொல்ல வாயெடுத்தேன். ரேவதி கையைக் காட்டி நிறுத்தினாள். "நானே சொல்லிட்டேன் மிஸ், நம்மளுக்கு ஏதாவது ஆயிடும்னா இவங்க ரகசியத்தக் காப்பாத்த மாட்டாங்கன்னு. அதனாலதான் உங்ககிட்ட கூட்டிகினு வந்தேன்."

வாயில் எதுவும் நிற்காதவள் என்று பெயரெடுத்து, அந்தப் பெயரை வைத்தே பிழைப்பு நடத்துகிற ஆலோசகர் இந்த ஜில்லாவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.