புகை போட்ட வீடும் டாக்டர் மொஹிதீனும்

டாக்டர் மொஹிதீன் இறந்த செய்தியை எனக்குக் கொண்டுவந்தவர் ஜட்கா வண்டிக்காரர் முனுசாமி. வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு, இறங்காமலே சொன்னார்: "வௌவால் டாக்டரு பூட்டாரும்மா. காலைல தொழுவறதுக்கு எழுந்தவரு, அப்டியே சாஞ்சிட்டாராம்." "என்ன உளறுகிறீர்?" என்று அவர்மேல் எரிந்து விழுந்தேன். கெட்ட செய்தி சொல்ல வருகிறவர்களிடம் சண்டைக்குப் போவது என் சுபாவம். முனுசாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் அவரை அறிந்த உங்களில் பலருக்கு அவர் ரத்தம் பரிசோதிக்கும் டாக்டர். எனக்கோ அவர், என்னோடு வேலை செய்தவர். மைக்ராஸ்கோப்பில் அவர் கண்டதை நான் படமாக வரைந்து கொடுப்பேன். வௌவாலின் ரத்தத்திலும் ரோமத்திலும் குடியிருக்கும் ஒட்டுண்ணிகளில் எவையெல்லாம் மனிதனுக்குத் தொற்றும் என்பதுதான் அவரைத் தூங்கவிடாத கேள்வி. கண் வலிக்க வலிக்க வரைந்து கொண்டுபோனால், "ரொம்ப அழகா இருக்கும்மா. நெஜத்துல இவ்ளோ அழகா இல்லியே" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். எத்தனையோ முறை பிரஷ்ஷைப் போட்டுவிட்டுக் கோபமாக எழுந்து வந்திருக்கிறேன். மறுநாள் போனால், ஒன்றும் நடக்காததுபோல எனக்கு ஸ்டூலை நகர்த்திப் போடுவார்.

பழந்தின்னி வௌவால்கள் தொங்கும் பெரிய மரங்களைத் தேடி முனுசாமியின் வண்டியில் அடையாறுக்குப் போவோம். ஒருமுறை, எங்கள் வலையில் வௌவாலைப் பார்த்துவிட்டு ஒருவர் ஓடிவந்தார். அவருடைய அப்பாவுக்கு இழுப்பு. வௌவால் கறி தின்றால் நிற்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். "ஒண்ணே ஒண்ணு குடு சார், நைனா மூச்சு வுட முடியாம கீது" என்று கெஞ்சினார். டாக்டர் வௌவாலைக் கொடுக்கவில்லை. அந்த ஆளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய், பெரியவருக்கு மருந்து கொடுத்துவிட்டு வந்தார். திரும்பும் வழியெல்லாம் எரிச்சலாகப் பேசிக்கொண்டு வந்தார். "அது தன் பாட்டுக்குத் தொங்கிட்டிருக்கு. நாமதான் கிட்டப் போறோம், அறுக்கறோம், வெரட்டறோம். அப்புறம் பழியத் தூக்கி அது தலைல போடறோம்."

அந்தப் பேச்சு என் வீட்டுக்கே வந்து சேரும் என்று நான் நினைக்கவில்லை. ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே காலியான சமயத்தில் நாங்களும் மயிலாப்பூர் வீட்டைப் பூட்டிவிட்டுக் கும்பகோணம் போயிருந்தோம். திரும்பி வந்து பார்த்தால், மாடி அறை உத்தரத்தின் இடுக்குகளெல்லாம் சின்னச் சின்ன வௌவால்கள். என் கணவருக்கு அப்போது டில்லியில் வேலை. வீட்டில் பெரியவர் என் மாமனார்தான். "வெள்ளிக்கிழமை நாள் நன்னா இருக்கு. பால் காய்ச்சறதுக்குள்ள இந்தப் பீடையெல்லாம் ஆத்தைவிட்டுப் போயாகணும்" என்றார்.

நான் சொல்லி அனுப்பியதும் டாக்டர் வந்து பார்த்தார். "வௌவால் போயிடும் ஐயா. அதைக் கடிச்சுப் பொழைக்கிற உண்ணி இடுக்குலேயே இருக்கும். அதுக்குப் பசிச்சா யாரைக் கடிக்கும்? இடுக்கெல்லாம் சுத்தம் பண்ற வரைக்கும் மாடியைப் பூட்டி வைங்க" என்றார். மாமனார் சிரித்தார். "உண்ணிக்கும் ஒரு நல்ல நாள் பாத்துச் சொல்லட்டுமா?" என்று கேட்டார். மிளகாயும் கந்தகமும் போட்டுப் புகை மூட்டினோம். வௌவால்கள் அப்படியே கலைந்து போயின. ஓட்டைகளைச் சுண்ணாம்பு வைத்து அடைத்து, வெள்ளிக்கிழமை பால் காய்ச்சினோம். மாடியில் காற்று நன்றாக வருகிறது என்று என் பெண் ருக்குவுக்கு அங்கேதான் படுக்கை போட்டோம்.

கொஞ்ச நாளில் அவள் கணுக்காலில் சிவப்புத் தடிப்புகள் தெரிந்தன. மூட்டைப்பூச்சி என்று கட்டிலை வெயிலில் போட்டோம். பிறகு காய்ச்சல் வந்தது. உடம்பு அனலாய்க் கொதித்தது. வழக்கமாக வரும் வைத்தியர் மலேரியா என்றார். யுத்தத்தால் கொயினா மருந்து கிடைக்காத காலம். எங்கெங்கோ அலைந்து வாங்கிக் கொடுத்தோம். வியர்த்துக் கொட்டிக் காய்ச்சல் இறங்கியது. வீட்டில் எல்லோரும் கபாலீசுவரருக்கு அர்ச்சனை செய்யக் கிளம்பினார்கள்.

டாக்டர் மொஹிதீன் முகத்தில் மட்டும் சிரிப்பில்லை. மாடிக்குப் போய் உத்தரத்தின் இடுக்கைக் கத்தியால் சுரண்டி, ஒரு குப்பியில் எதையோ எடுத்துவந்து காட்டினார். துவரம்பருப்பு மாதிரித் தட்டையான உண்ணிகள் மெல்ல ஊர்ந்தன. குழந்தையை உடனே கீழே கொண்டுவரச் சொன்னார். "காய்ச்சல் திரும்பி வந்தா, ஏறும்போதே ஆள் அனுப்புங்கம்மா. எறங்கிட்டா ரத்தத்துல ஒண்ணும் தெரியாது." எனக்கு வந்ததே கோபம்! "வரும் வரும் என்று சொல்லி நீங்களே வரவழைத்துவிடாதீர்கள்" என்று கத்தினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு போனார்.

ஒரு வாரம் கழித்துக் காய்ச்சல் திரும்பி வந்தது. மத்தியானம் முனுசாமி டாக்டரை அழைத்துவந்தார். குழந்தையின் விரலில் குத்தி ஒரு சொட்டு எடுத்து, ஜன்னலோரம் மைக்ராஸ்கோப்பை வைத்துப் பார்த்தார். வெகுநேரம் தலையைத் தூக்கவேயில்லை.

"என்ன இருக்கு? சொல்லுங்களேன்."

"நான் சொல்லமாட்டேன். சொன்னா, டாக்டர் சொல்றாரேன்னு நம்புவீங்க. நீங்களே பாருங்கம்மா."

பார்த்தேன். சிவப்பு அணுக்களுக்கு நடுவே மெல்லிய சுருள் கிருமி ஒன்று நெளிந்து ஓடியது. பக்கத்தில் இன்னொன்று. வௌவால் ரத்தத்தில் பார்த்து நான் முன்பே வரைந்திருந்த அதே மாதிரிச் சுருள். இப்போது உண்ணி வழியாக வந்து என் பெண்ணின் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தக் கிருமிக்கு அன்று இருந்த ஊசிமருந்து பாஷாணத்திலிருந்து செய்தது. அதைக் கேட்டதும் மாமனார் கட்டிலை மறித்துக்கொண்டு நின்றார். "பச்சைக் குழந்தைக்குப் பாஷாணத்தை ஏத்தப்போறேளா? நான் உசிரோட இருக்கறவரைக்கும் நடக்காது!" டாக்டர் அவரிடம் வாதாடவில்லை. என் பக்கம் திரும்பி, "ஊசி போட்டதும் குளிர் இன்னும் ஜாஸ்தியாகும். நாடி விழுந்தாலும் விழலாம். போடலேன்னா காய்ச்சல் மறுபடி மறுபடி வரும், இந்த உடம்பு தாங்காது. ரெண்டையும் சொல்லிட்டேன்" என்றார். ருக்குவைப் பார்த்தேன். உதடெல்லாம் வெடித்துக் கிடந்தது. "போடுங்கள்" என்றேன். அந்த வீட்டில் மாமனார் பேச்சை மீறி நான் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

அவர் சொன்னபடியே ஆயிற்று. ஊசி போட்டுக் கொஞ்ச நேரத்தில் கட்டில் அதிரக் குழந்தைக்குக் குளிர் உதறியது. உதடு நீலம் பாரித்தது. "கொன்னுட்டேளே!" என்று மாமனார் தலையில் அடித்துக்கொண்டார். டாக்டர் குழந்தையின் நாடியிலிருந்து விரலை எடுக்காமல், யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். அவரை அந்த நேரத்தில் நான் வெறுத்தேன், மறைப்பானேன்? விளக்கு வைக்கும் நேரத்துக்கு ருக்குவுக்கு வியர்க்க ஆரம்பித்தது. பிறகு தூங்கிப்போனாள்.

ஆனால் போன தடவையும் இப்படித்தான் வியர்த்து இறங்கியது. மறுபடி ஒரு வாரம் காத்திருக்க வேண்டியிருந்தது. ஓட்டைகளைத் திறந்து இடுக்குகளைச் சுத்தம் செய்ய ஆட்கள் வந்தபோது மாமனாரே ஏணியைப் பிடித்துக்கொண்டார். வருவதானால் காய்ச்சல் இன்று வந்தாக வேண்டும் என்றிருந்த காலையில் டாக்டர் வந்தார். மாமனார் தன் கையாலேயே அவருக்கு நாற்காலி போட்டார். அவர் உட்காரவில்லை. பையிலிருந்து தர்மாமீட்டரை எடுத்தார். திரும்பப் பைக்குள் வைத்துவிட்டார்.

"நீங்க தொட்டுப் பாருங்கம்மா. எனக்குத் தைரியம் இல்ல."

"அன்னிக்கு ஊசி போடறபோது இருந்ததே?"

"அப்பவும் இல்லம்மா."

ருக்குவின் நெற்றியில் கை வைத்தேன். குளிர்ந்திருந்தது. கழுத்தைத் தொட்டேன், வயிற்றைத் தொட்டேன். எங்கும் சூடில்லை. "இல்லை டாக்டர்" என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். வெகுநேரம் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அவர் போய்விட்டார் என்று முனுசாமி சொன்னதைக் கேட்டதிலிருந்து உள்ளே ருக்கு அழுதுகொண்டிருக்கிறாள். பள்ளிக்கூடம் போகவில்லை. நான் சமாதானப்படுத்தப் போகவில்லை, அழட்டும். அவர் எல்லாம் அறிந்தவர், எதற்கும் அஞ்சாதவர் என்று நீங்கள் கூட்டம் போட்டுப் பேசுவீர்கள். பேசுங்கள். என்னைப்போலவே பயந்து நடுங்கிக்கொண்டு, அந்தப் பயத்தோடேயே என் குழந்தைக்கு ஊசி போட்ட மனிதரை நான் வைத்துக்கொள்கிறேன்.