நார்மல் என்று நான் எழுதிய முப்பத்தெட்டு

டெங்கு சீசனில் எங்கள் லேபுக்கு வரும் போன் எல்லாம் ஒரே கேள்விதான் கேட்கும்: "பிளேட்லெட் எவ்ளோ?" வார்டு நர்ஸ், டாக்டர், நோயாளியின் மச்சான், எல்லாருக்கும் அது ஒன்றுதான் வேண்டும். ரத்த அணுக்களை எண்ணும் செல் கவுன்டர் மெஷின் ஒரு சேம்பிளுக்கு இருபது எண்ணாவது கொடுக்கும். ஆனால் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் நான் லேப் டெக்னீஷியனாக இருந்தபோது, ரெஜிஸ்டரில் எழுதியது பிளேட்லெட் மட்டும்தான். கூட்டம் அப்படி. புதிதாக இந்த வேலைக்கு வருபவர்களுக்காக என் முட்டாள்தனம் ஒன்றைச் சொல்கிறேன்.

கரியாலூர் பக்கத்து மலை ஊரிலிருந்து சின்னப்பொண்ணு என்கிற பெண் வந்து சேர்ந்திருந்தாள். வயது முப்பதுக்குள்தான். புருஷன் ராமனோடு கரும்பு வெட்ட மூங்கில்துறைப்பட்டுக்கு இறங்கி வந்த இடத்தில் காய்ச்சல், டெங்கு பாசிட்டிவ். மூன்றாம் நாள் காலையில் காய்ச்சல் விட்டது. கைக்குழந்தையை ஊரில் மாமியாரிடம் விட்டிருந்ததால் "வூட்டுக்கு அனுப்புங்க" என்று ஒரே பிடிவாதம். டிஸ்சார்ஜுக்கு முன்னால் முழு ரிப்போர்ட் கேட்டார் டூட்டி டாக்டர்.

பிளேட்லெட் எழுபதாயிரம். ரத்தம் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்று காட்டும் பி.சி.வி. முப்பத்தெட்டு. பெண்களுக்கு முப்பத்தாறுக்கு மேல் இருந்தால் சரி என்று அச்சிட்ட தாளிலேயே இருக்கிறது. 'நார்மல்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ரிப்போர்ட்டை வாங்க வந்த ராமன் ஜன்னலிலேயே நின்றார். "இன்னா மேடம் போட்டுருக்குது?"

"ரத்தம் நார்மலா இருக்குதுங்க."

அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "ஆறு மாசம் முன்னாடி கொழந்த பொறந்தப்ப ரத்தம் ரொம்பக் கம்மின்னு திட்னாங்க மேடம். மாத்திர குடுத்தாங்க, அவ எங்க துன்னா? இப்ப தானா ஏறிடுச்சா?"

மாத்திரை சாப்பிடாதவளுக்கு ரத்தம் எப்படி ஏறும்?

மெஷினின் மெமரியில் அவள் வந்த அன்றைய சேம்பிளைத் தேடினேன். பி.சி.வி. இருபத்தொன்பது; ரத்தசோகை உள்ளவளின் அளவு. நான் பார்க்காமல் விட்ட எண். டெங்கு முற்றும்போது ரத்தக் குழாயிலிருந்து நீர் வெளியே கசியும்; மிச்சமிருக்கும் ரத்தம் கெட்டியாகும். காய்ச்சல் விட்டு ஆள் தெளிந்த மாதிரி தெரிகிற நேரத்தில்தான் அது நடக்கும். நான் நார்மல் என்று எழுதியது அந்தக் கசிவைத்தான். சந்தேகத்துக்கு அதே சேம்பிளை மெல்லிய கண்ணாடிக் குழாயில் எடுத்து, சுழற்றும் மெஷினில் வைத்து அளந்து பார்த்தேன். முப்பத்தெட்டேதான்.

வார்டுக்கு ஓடினேன். டிஸ்சார்ஜ் சீட்டில் டாக்டர் பேனாவை வைத்திருந்தார்.

"பிளேட்லெட் எழுபதாயிரம் இருக்குதே மேடம்? பயப்பட ஒண்ணுமில்லயே."

"பிளேட்லெட்ட வுடுங்க டாக்டர். வந்தன்னிக்கு பி.சி.வி. இருபத்தொம்போது. இப்ப முப்பத்தெட்டு. நார்மல்னு எழுதுனது என் தப்பு."

டாக்டர் சீட்டை மூடி வைத்தார். சின்னப்பொண்ணின் கையைத் தொட்டார்; சில்லென்று இருந்தது. பி.பி. பார்த்தார், நூறுக்கு எண்பத்திரண்டு. மேல் எண்ணும் கீழ் எண்ணும் இவ்வளவு நெருங்கியிருந்தால் ஷாக் வாசலுக்கு வந்துவிட்டது என்று அர்த்தம்.

"வவுறு வலிக்குதாம்மா?" என்று கேட்டார்.

"காலைலேர்ந்து வலிக்குதுங்க. சொன்னா வூட்டுக்கு வுட மாட்டீங்கன்னு சொல்லல."

உடனே டிரிப் ஏறியது. அளவு கூடினால் நுரையீரலில் நீர் சேரும் என்பதால் டாக்டர் பி.சி.வி.யைப் பார்த்துப் பார்த்துத்தான் கூட்டியும் குறைத்தும் விட்டார். சில மணி நேரத்துக்கு ஒரு சேம்பிள். முப்பத்தேழு, முப்பத்தைந்து. மறுநாள் மத்தியானம் முப்பத்தொன்று வந்தபோது லேபில் தனியாக உட்கார்ந்து நிம்மதியில் அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

அதன் பிறகு ரெஜிஸ்டரில் கோடு போட்டு இரண்டு கட்டம் சேர்த்தேன்: வந்த அன்றைய பி.சி.வி., இன்றைய பி.சி.வி. இப்போது ஆராய்ச்சி செய்பவர்கள் யாருக்கு டெங்கு முற்றும் என்று முதல் நாளே சொல்லும் புரதங்களை ரத்தத்தில் தேடுகிறார்கள். கண்டுபிடிப்பார்கள், எனக்கு நம்பிக்கை இருக்கிறது. அதுவரை இந்த இரண்டு கட்டத்தை நிரப்ப யாரும் சோம்பல் படாதீர்கள்.

டிஸ்சார்ஜ் அன்று சின்னப்பொண்ணு தானே நடந்து லேபுக்கு வந்தாள். கடைசி சேம்பிள் மறுபடியும் இருபத்தொன்பது. ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன்.

"இது உன் நம்பரு. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் காட்டு. மாத்திர துன்னு, கொஞ்சம் கொஞ்சமா ஏத்து. காய்ச்சல் வந்து ரெண்டே நாள்ல மளமளன்னு ஏறுனா மட்டும் ஓடியாந்துடு."

"கம்மியாச்சுன்னு திட்டுவீங்கன்னு நெனச்சேன்க்கா," என்றாள். "இன்னாக்கா, சிரிக்கிறீங்க?"