நெல்லையப்பன் லேப்டாப் வாங்கியது

நெல்லையப்பனுக்குச் சின்ன வயதிலிருந்தே வாய் திக்கும். அம்மா இறந்த பிறகு வலியசாலை வீட்டில் தனியாக இருந்தார். நாற்பத்திரண்டு வயதுக்குள் பேச்சைக் குறைத்துக் குறைத்து, கடையில் விரலைக் காட்டிச் சாமான் வாங்குகிற அளவுக்கு வந்துவிட்டார்.

எழுத்தில் அவர் வேறு ஆள். தனியார் கல்லூரி ஒன்றின் கம்ப்யூட்டர் லேபில் உதவியாளர் வேலை. சாயங்காலம் லேப் காலியானதும் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச மென்பொருளை வைத்துக் கம்ப்யூட்டரை ஓட்டுகிற தமிழர்களின் மின்னஞ்சல் குழுவில் உட்கார்ந்துவிடுவார். எந்த லேப்டாப்பில் லினக்ஸ் ஓடும், எதில் வயர்லெஸ் எடுக்காது, எதில் சத்தம் வராது என்று மற்றவர்கள் எழுதியதையெல்லாம் சேர்த்து ஒரு பட்டியல் வைத்திருந்தார். சேலத்திலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும், "நெல்லை அண்ணே, இதை வாங்கலாமா?" என்று கேட்பார்கள். பக்கம் பக்கமாகப் பதில் போகும். அவரிடம் ஒரு லேப்டாப் கூடக் கிடையாது என்பது அவர்கள் யாருக்கும் தெரியாது.

2005 ஜூனில் கல்லூரி அவரை ஸ்டோருக்கு மாற்றியது. அங்கே கம்ப்யூட்டர் இல்லை. நாலு நாள் சமாளித்துப் பார்த்தார். ஐந்தாம் நாள், லினக்ஸ் சிடி ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். அதைப் போட்டால் எதையும் நிறுவாமலே லினக்ஸ் ஓடும். லேப்டாப் ஒத்துவருமா என்று கடையிலேயே தெரிந்துவிடும்.

முதல் கடையில், "இதில வ... வ..." என்று ஆரம்பித்தார்.

"வாரண்டியா? ஒரு வருஷம் உண்டு சார்."

கேட்க வந்தது வயர்லெஸ்ஸை. தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தார். அடுத்த கடையில், வைரஸ் இருக்கும் என்று சிடியைத் தொடவே மாட்டோம் என்றார்கள்.

மூன்றாவது கடையில் லிபி என்று ஒரு பெண் இருந்தாள், பாறசாலைக்காரி.

"நிதானமாச் சொல்லுங்க சார். இந்த மழையில வேற யாரு வரப் போறா?"

அவர் சொல்லி முடிக்கும்வரை அவள் பார்வையைத் தாழ்த்தி, கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அதுவே அவருக்குப் பெரிய உதவியாக இருந்தது. மூன்று லேப்டாப்களில் சிடியைப் போட்டுப் பார்த்தார். ஒன்றில் திரை கோணலாக வந்தது. இன்னொன்றில் வயர்லெஸ் எடுக்கவில்லை. மூன்றாவதில் எல்லாம் சரி. அதையே வாங்கினார்.

வீட்டுக்கு வந்து டெலிபோன் ஒயரைச் சொருகிய பிறகுதான் விஷயம் புரிந்தது. வீட்டில் நெட் என்றால் போன் வழியாகத்தான்; அதற்கு மோடம் வேண்டும். லேப்டாப்புக்குள்ளே இருந்த மோடம் விண்டோஸுக்கு மட்டுமே வேலை செய்கிற ரகம். கல்லூரியில் கேபிள் வழியாக நெட் வந்ததால், மோடத்தைப் பார்க்க அவருக்குத் தோன்றவே இல்லை. ஊருக்கெல்லாம் யோசனை சொன்ன ஆள்!

இதே ஊரில் வெங்கிடேஷ் என்று ஒருவன் குழுவில் இருந்தான். ஒவ்வொரு கடிதத்தின் கீழும் போன் நம்பர் போடுவான். "அண்ணே, ஒருநாள் நேர்ல பார்க்கணும்" என்று இரண்டு வருஷமாக எழுதிக்கொண்டிருந்தான். நெல்லையப்பன் அதற்கு மட்டும் பதில் போட்டதில்லை.

மூன்று நாள் கழித்து ரிசீவரை எடுத்து, மனப்பாடமாகியிருந்த அந்த நம்பரைச் சுழற்றினார்.

"ஹலோ? யாரு? ஹலோ?" அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள். இரண்டாவது தடவையும் அப்படியே. மூன்றாவது தடவை, "நெ... நெ... நெல்லை" என்றார்.

"அண்ணனா?" என்றான் வெங்கிடேஷ், மெதுவாக.

மோடம் விஷயத்தை எப்படியோ சொல்லி முடித்தார். ஞாயிற்றுக்கிழமை, லினக்ஸிலும் ஓடுகிற தன் பழைய மோடம் பெட்டியோடு வந்தான். இருபத்தைந்து வயது இருக்கும். நெல்லையப்பன் போட்ட காப்பியைக் குடித்துக்கொண்டே இரண்டு பேருக்கும் சேர்த்து அவனே பேசினான். அவர் ஒரு வார்த்தையில் நிற்கும்போதெல்லாம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். அரை மணி நேரத்தில், "ஒரு வேலை இருக்கு, பின்ன வரேன் அண்ணே" என்று எழுந்தான். மோடத்தை அவரே வைத்துக்கொள்ளட்டும் என்றான்.

நல்லவன்தான். அதற்குப் பிறகும் குழுவில் அதே மரியாதையோடு சந்தேகம் கேட்டான். நேரில் பார்க்கணும் என்று மட்டும் எழுதவில்லை. இவரும் கூப்பிடவில்லை. பட்டியலில் ஒவ்வொரு லேப்டாப்புக்கு நேராகவும் மோடத்துக்கு ஒரு கட்டம் புதிதாகச் சேர்த்தார்.

தினமும் ஆறரை மணிக்கு நெட் போடுவார். அந்த மோடம் பெட்டி நம்பரைச் சுழற்றி, கிறீச்சிட்டு, இரைந்து, கடைசியில் அடங்கும். அந்த வீட்டில் சத்தம் என்று கேட்டது அது ஒன்றுதான்.