நைஸ் என்றால் அம்மா நம்பமாட்டார்

இன்று வீட்டில் ‘நைஸ்’ என்ற சொல்லைச் சேர்த்துக் கதைத்துப் பார்க்கும்படி ஆங்கில ரீச்சர் சொல்லியிருந்தார்.

அம்மா காலையில் ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தார். கொக்குவிலில் ஒரு தேத்தண்ணிக் கடைக்கு முதன்முதலாகக் கொடுக்கப் போகிறார். கடைக்காரருக்குப் பிடித்தால்தான் தொடர்ந்து எடுப்பார்.

நான் ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு, “அம்மா, ரோல்ஸ் நைஸ்” என்றேன்.

அம்மா கரண்டியைக் கீழே வைத்தார். “ஏன், உப்புக் கூடிப்போச்சே?”

“இல்லையம்மா, மெய்யாவே நைஸ்.”

“சும்மா சமாளிக்காதை. என்ன குறையெண்டு சொல்லு பிள்ளை.”

நான் எவ்வளவோ சொல்லியும் அவர் நம்பவில்லை. தானும் ஒன்றைப் பிய்த்துச் சாப்பிட்டுப் பார்த்தார். “கடைக்குக் குடுக்கிறதை விடுவம்” என்றார்.

அந்த நேரம் அப்பா வந்து ஒன்றைக் கடித்தார். தொலைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல், “பிழையில்லை” என்றார்.

அம்மா உடனே பெட்டியை எடுத்து ரோல்ஸை அடுக்கத் தொடங்கினார். எங்கள் வீட்டில் அதற்கு மேல் பாராட்டுக் கிடையாது.

கடைக்கு நானும் கூடப் போனேன். கடைக்கார அண்ணை ஒன்றைச் சாப்பிட்டார். இன்னொன்றையும் எடுத்துச் சாப்பிட்டு முடித்துவிட்டு, “நாளைக்கும் கொண்டுவாங்கோ அக்கா” என்றார்.

திரும்பி வரும்போது அம்மா என்னிடம் கேட்டார்: “இப்ப அவர் சொன்னதை இங்கிலிசிலை எப்பிடிச் சொல்லுறது?”

அதற்கு ‘நைஸ்’ போதாது என்று நினைக்கிறேன். வேறு சொல் தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.