ராக்கெட் அக்காவின் எதிர்காலம்

எதிரே நிற்பவர் பையைத் துழாவி அடையாள அட்டையை எடுப்பதற்குள், அக்கா டோக்கன் தாளின் பின்பக்கத்தில் ஒரு வரி எழுதி இழுப்பறைக்குள் தள்ளிவிடுவார். அட்டை வந்ததும் பேனா காதோரம் ஏறிக்கொள்ளும். "எந்த டாக்டர்? எத்தனை நாளா?" என்று கேட்கும்போது முகத்தில் எழுத்தாளரின் சாயல் ஒரு துளிகூட இருக்காது.

ஆஸ்பத்திரியின் பதிவுப் பிரிவில் மூன்றாம் கவுண்டர். ஒரு நாளைக்கு இருநூறு பேர். அதில் நாலைந்து பேர் அவருக்கு ஒரு வரி கொடுத்துவிட்டுப் போவார்கள். 'லிஃப்ட் நின்று மூன்று வாரம். ஐந்து மாடி ஏறி வந்த பெரியவர், பழகிடுச்சும்மா என்கிறார்.' 'பெயர் தப்பாக அச்சாகியிருக்கிறது. திருத்தித் தருகிறேன் என்றால், எதுக்கு அலைச்சல், இந்தப் பேர்லயே இருந்துட்டுப் போறேன் என்கிறாள்.' இப்படி.

இந்தத் தாள்கள்தாம் பிறகு விஞ்ஞானக் கதைகளாகும். பத்தொன்பது வருடத்தில் நாற்பது கதைகள் பத்திரிகைகளில் வந்திருக்கின்றன. ஆஸ்பத்திரியில் யாரும் படித்ததில்லை. விஞ்ஞானக் கதை எழுதுகிறவர் என்று மட்டும் தெரியும். அதனால் ராக்கெட் அக்கா. அவருக்கு அதில் ஒரு மனத்தாங்கல் உண்டு. "நாப்பது கதையில ஒரு ராக்கெட்டைக் காட்டிடுங்க, நான் பேனாவைத் தூக்கிப் போட்டுடுறேன்" என்பார்.

எப்படி எழுதுகிறீர்கள் என்று கேட்டால் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுவார். "நாளைக்கு என்ன வரும்னு நான் யோசிக்கிறதே இல்லைங்க. இன்னைக்கு எதுக்கு யாரும் கோவப்படலையோ, அதைக் குறிச்சு வச்சுக்குவேன். கோவப்பட்டது பாதியில நின்னுடும். கோவப்படாததுதான் வளரும். அதை அஞ்சாறு வருஷம் வளரவிட்டுப் பார்த்தா கதை."

எழுதுவது விடிகாலையில், சமையலறை மேடையில், நின்றபடி. நாளெல்லாம் உட்கார்ந்து தேய்ந்த இடுப்புக்கு அது ஓய்வு. முதல் வாசகன் தம்பி. லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன். நாற்பத்தோரு வயதில் இரண்டு சிறுநீரகமும் கைவிட்டபின் அக்கா வீட்டுக்கு வந்துவிட்டான். வாரத்துக்கு மூன்று நாள், நாலு மணி நேரம், ஆஸ்பத்திரியில் இயந்திரத்தோடு கட்டிப்போட்டு ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். மற்ற நாட்களில் கட்டிலில் சாய்ந்தபடி அக்கா வாசிப்பதைக் கேட்பான்.

"என்னக்கா, இதுலயும் ஒருத்தனும் பொழைக்கலையா?"

"ஒருத்தி பொழைச்சாளே."

"அவளுக்குத்தான் பைத்தியம் புடிச்சிருச்சே. லாரியில உன்னை ஏத்தியிருந்தா, பிரேக் பிடிக்குமா பிடிக்குமான்னு கேட்டே என்னைக் கொன்னுருப்ப."

இருவரும் சிரிப்பார்கள். அந்த வீட்டில் எதிர்காலம் என்பது சிரிக்கத்தக்க விஷயமாக இருந்த காலம் அது.

அப்போதுதான் 'வரிசை' என்ற கதையை எழுதினார். வித்து ஒரு சின்னக் காட்சி. ஆஸ்பத்திரிக் கூடத்தில் நன்றாக உடுத்திய ஒருவர் வரிசையைத் தாண்டி நேராக உள்ளே போனார். நின்றுகொண்டிருந்த முப்பது பேரும் தலையைத் திருப்பிப் பார்த்தார்கள். பிறகு தலையை இருந்த இடத்துக்கே கொண்டுவந்துவிட்டார்கள். 'யாரும் எதுவும் கேட்கவில்லை' என்று தாளில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார். கதையில் அது ஓர் இயந்திரமாக வளர்ந்தது. நோயாளி வந்ததும் 'உனக்கு என்ன?' என்று அது கேட்பதில்லை; 'உன்னால் என்ன?' என்று கேட்கும். வயது, வேலை, வருமானம், மிச்ச ஆயுள் எல்லாம் பார்த்து நூற்றுக்கு ஒரு மதிப்பெண். குறைந்தவருக்குக் கடைசி இடம். பள்ளி வாத்தியார் ஒருவர் முப்பத்தொன்று வாங்கி, தேறாத மாணவனைப்போலத் தலைகுனிந்து வீடு திரும்புவார்.

பத்திரிகைக்குக் கடிதங்கள் வந்தன. 'சிரித்துச் சிரித்து வயிறு புண்ணானது' என்று ஒருவர். 'கற்பனைக்கும் ஓர் எல்லை உண்டு' என்று இன்னொருவர்.

மூன்று வருடம் கழித்து, ஒரு திங்கட்கிழமை, பதிவுப் பிரிவு ஊழியர்களைக் கூட்டத்துக்கு அழைத்தார்கள். புதிய கணினி ஏற்பாடு. படுக்கையும் இயந்திரமும் குறைவு, நோயாளி அதிகம். யாருக்கு எத்தனை முறை சிகிச்சை தந்தால் 'பலன்' அதிகம் என்பதை இனி அது கணக்கிடும். பயிற்சி கொடுக்க வந்த பெண் மென்மையாகப் பேசினாள். "பயப்படாதீங்க. இது முடிவு எடுக்காது, பரிந்துரை மட்டும்தான் செய்யும்."

 அக்காவின் 'வரிசை' கதையில் அந்த இயந்திரத்தை வாங்கிவரும் அதிகாரி சொல்வதும் அதேதான், ஒரு சொல் மாறாமல்.

"யாரும் என் கதையைப் பார்த்துக் காப்பியடிக்கலை" என்றார் அன்றைக்குத் தம்பியிடம். "அடிச்சிருந்தாக்கூட மனசு ஆறும். படிக்காமலேயே அதே இடத்துக்கு வந்து சேர்ந்துட்டாங்கடா."

பதினோராம் நாள் தம்பியின் முறை வந்தது. பதிவைப் புதுப்பிக்கும் வேலை மூன்றாம் கவுண்டருடையது. அட்டையை வைத்தார். திரையில் எண் வந்தது: முப்பத்தெட்டு. நாற்பதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு வாரம் இரண்டு முறைதான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற தம்பி குனிந்து, "எவ்வளவுக்கா?" என்றான்.

சொன்னார்.

"ரெண்டு மார்க்குல போச்சா? இஸ்கூல்லயும் எனக்கு இதே கதைதான்." சிரிக்கப் பார்த்தான். பிறகு கேட்டான்: "நான் இப்ப என்ன பண்ணணும்?"

"செவ்வாயும் சனியும் வாங்க. தண்ணி ரொம்பக் குறைச்சுக் குடிக்கணும். கால் வீங்கினா உடனே…" அக்கா சொல்லிக்கொண்டே போனார். இருநூறு பேருக்குச் சொல்கிற அதே குரல், அதே 'வாங்க'. பின்னால் நின்றவர் அட்டையைத் தயாராகக் கையில் பிடித்திருந்தார். கூடம் அமைதியாக இருந்தது.

தம்பி அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டான். "நீயும் கோவப்படலை பாரு" என்றான். குற்றம் சொல்கிற தொனி இல்லை. மழை வருது பாரு என்பதுபோலச் சொன்னான்.

அதன்பின் கோபப்படத்தான் செய்தார். மேல்முறையீட்டுத் தாள் நிரப்பினார். நிர்வாகியின் அறை வாசலில் மூன்று நாள் நின்றார். நிர்வாகி கெட்டவர் அல்ல. நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். "உங்க தம்பிக்கு ஒரு நாள் கூட்டினா, இன்னொருத்தர் தம்பிக்கு ஒரு நாள் குறையும். யார் தம்பிக்குக் குறைக்கலாம்? நீங்களே சொல்லுங்க." நாற்பது கதை எழுதியவர் நாற்காலியிலிருந்து எழுந்து வெளியே வந்தார். தம்பிக்குச் சிகிச்சை பார்த்த டாக்டர் கண்ணைப் பார்க்காமல் பேசினார். "நான் மாத்தலாம்மா. மாத்தினா ஒவ்வொண்ணுக்கும் காரணம் எழுதணும். எத்தனைக்கு எழுதறது?"

கூடுதல் இயந்திரம் வாங்கச் சொல்லி மனு எழுதி, கூடத்தில் கையெழுத்துக் கேட்டார். நாற்பதுக்கு மேல் வாங்கியிருந்தவர்கள் கையெழுத்துப் போடவில்லை. 'எங்களுக்கு மூணு நாள் இருக்கும்மா, எதுக்குக் கிளறணும்?' என்றார்கள். குறைவாக வாங்கியவர்களும் போடவில்லை. 'இருக்கிற ரெண்டும் போயிட்டா?' என்றார்கள். மனுவில் கடைசிவரை இரண்டே கையெழுத்து. அவருடையது ஒன்று, துப்புரவு செய்யும் அம்மாளுடையது ஒன்று.

தம்பி ஐந்து மாதம் இருந்தான். கால் வீங்கியது, பிறகு முகம், பிறகு மூச்சு. கடைசி வாரங்களில் கதை வாசிக்கச் சொல்வதை நிறுத்திவிட்டான். ஒருநாள் மட்டும், "அந்த வாத்தியார் அப்புறம் என்ன ஆனாரு? நீ எழுதவே இல்லையே" என்று கேட்டான். "வீட்டுக்குப் போனாருடா" என்றார் அக்கா. "போய்?" என்றான். அக்கா எழுந்து போய்த் தலையணை உறையை மாற்ற ஆரம்பித்தார். வியாழக்கிழமை காலை, செவ்வாய்க்கும் சனிக்கும் நடுவே, அவன் போய்விட்டான்.

ஆறாம் நாள் அக்கா வேலைக்குத் திரும்பினார். இறப்பைப் பதியும் தாளைத் தன் கையாலேயே நிரப்பி உள்ளே அனுப்பினார். அது கணினியில் ஏறப் பத்து நாளாகும், அவருக்குத் தெரியாததல்ல. பத்திரிகை ஆசிரியர் போனில் வந்தார். துக்கம் விசாரித்துவிட்டு, தயங்கித் தயங்கி, "அந்த 'வரிசை' கதையை மறுபடி போடலாம்னு நினைக்கிறோம். ஆனா இப்ப விஞ்ஞானக் கதைன்னு போட முடியாதேம்மா… என்னன்னு போடறது?" என்றார்.

"தெரியலைங்க சார்" என்றார் அக்கா. "புதுசாவும் கேக்காதீங்க. வளரவிட்டுப் பார்க்க எதுவும் மிச்சமில்லை."

டோக்கன் தாள்கள் இப்போது இருபக்கமும் வெள்ளையாகவே நோயாளிகளின் கைக்குப் போகின்றன.

வெள்ளிக்கிழமை காலை, கவுண்டரில் கூட்டம் இருக்கும்போது, அவருடைய கைப்பேசி அதிர்ந்தது. ஆஸ்பத்திரியின் கணினி, தம்பியின் பெயருக்கு அனுப்பிய செய்தி; அவன் பதிவில் இருந்தது அக்காவின் எண். 'நாளை காலை ஏழு மணிக்கு உங்கள் சிகிச்சை. வருவீர்களா?' அக்கா 'இல்லை' என்பதைத் தொட்டார். காரணம் கேட்டது. எல்லா நோய்க்கும் ஒரே பட்டியல், மூன்றே வாய்ப்பு. வெளியூர்ப் பயணம். வேறு மருத்துவமனை. குணமடைந்துவிட்டேன்.

கண்ணாடிக்கு வெளியே ஒருவர் அட்டையை நீட்டியபடி காத்திருந்தார். அக்கா பட்டியலை மேலிருந்து கீழாக இரண்டு முறை படித்தார். மூன்றாவதைத் தொட்டார். கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கண்ணாடித் துளை வழியாகக் கையை நீட்டி அட்டையை வாங்கினார்.