அப்பா வாசித்த ஓ.டி.பி.

ஜெர்மனிக்கு மூன்று மாத டிரெய்னிங் கிளம்பியபோது, என் சிம் கார்டை ஒரு பழைய பட்டன் போனில் போட்டு நெய்வேலியிலேயே அப்பாவிடம் விட்டுவிட்டுப் போனேன். ரோமிங் கட்டணத்தைக் கேட்டதும் வந்த புத்தி அது. அங்கே நான் கார்டில் எதை வாங்கினாலும் ஓ.டி.பி. எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் போகும். உடனே இன்டர்நெட் வழியாக அப்பாவின் சொந்த போனுக்குப் பேசுவேன். அவர் பட்டன் போனைப் பார்த்து எண்ணைப் படித்துச் சொல்வார்.

படிப்பார் என்பது மரியாதைக்குச் சொல்வது. சுரங்கத்தில் மெஷின் சத்தத்தை மீறிப் பேசிப் பழகிய தொண்டை அது. யாரிடமும் சொல்லாதீர்கள் என்ற எச்சரிக்கையோடு வரும் ரகசிய எண்ணை பிளாக் முழுக்கக் கேட்கும்படி கூவுவார். நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கும் எதிர்வீட்டுக்காரர் என் கணக்கில் கை வைக்காதது அவருடைய பெருந்தன்மை. ஆனால் ஓர் எண்ணைக்கூட அப்பா தப்பாகச் சொன்னதில்லை.

டிரெய்னிங் முடியும் சமயத்தில், பாரிஸ் சுற்றிவிட்டுப் போகலாம் என்றார்கள் தோழிகள். அதற்குத் திரும்பும் டிக்கெட்டைத் தள்ளிப்போட வேண்டும். தள்ளினால் பொங்கலுக்கு ஊரில் இருக்க முடியாது. அந்த மாதக் கடைசியில் அப்பா ரிட்டயர் ஆகிறார், குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். நான் பிறந்து வளர்ந்த வீட்டில் அதுதான் கடைசிப் பொங்கல். தயங்கித் தயங்கித்தான் அப்பாவிடம் சொன்னேன்.

"அதுக்கென்னம்மா, போய்ப் பாத்துட்டு வா. பொங்கல் எங்க ஓடிப்போவுது?" என்றார்.

சந்தோஷமாகத்தான் இருந்தது. கூடவே, ஒரு பேச்சுக்காவது வேண்டாம் என்றிருக்கலாமே என்று லேசாகக் கோபமும் வந்தது. எங்கள் அப்பாவுக்கு முடியாது என்று சொல்லவே வராது.

தேதியை மாற்றக் கடைசி நாளன்று உட்கார்ந்தேன். ஓ.டி.பி. போனது. அன்று மட்டும் அப்பா மெல்லிய குரலில் வாசித்தார். தப்பு என்றது திரை.

"அது மூணா, எட்டாப்பா?"

"எட்டு மாதிரிதான் இருக்குதும்மா. கண்ணாடிய எங்கியோ வெச்சிட்டேன். தேடிக்கினுதான் இருக்கேன்."

இரண்டாவது எண்ணும் தப்பு. மூன்றாவதும் தப்பானதும் கார்டு முடங்கியது. கணக்கு இருக்கும் கிளைக்கு நேரில் வந்தால் சரிசெய்யலாம் என்றார்கள் வங்கியில். கிளை இருந்ததோ நெய்வேலியில்.

"அய்யோ, என்னால கெட்டுப்போச்சே" என்று அப்பா உருகிய உருக்கத்தில், நான்தான் அவரைத் தேற்ற வேண்டியிருந்தது. பழைய டிக்கெட்டிலேயே ஊர் வந்து சேர்ந்தேன்.

பொங்கலன்று காலை அம்மா வாசலில் பானை வைத்திருந்தார். அப்பா படியில் உட்கார்ந்து, நான் வாங்கிவந்த சாக்லேட் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கண்ணாடி உள்ளே டி.வி. மேல் கிடந்தது.

"எல்லாத்தையும் இன்னிக்கே பிரிக்க வேணாம்மா" என்றார். பெட்டியின் அடியில் எறும்பு ஊர்வதுபோல் பொடிப்பொடியாக அச்சிட்டிருந்த எண்களைக் கட்டைவிரலால் தடவினார். "ஆகஸ்ட் பதினெட்டு வரைக்கும் தாங்கும்னு போட்டிருக்குது."