என் நோயைத் திருத்துகிறார்கள்

ஆண்டுக்கொருமுறை மனநல மருத்துவரிடம் தலையைக் காட்டிவிட்டு வருவது என் வழக்கம். போன வாரம் புது டாக்டரம்மா ஒரு குண்டைப் போட்டார். பார்டர்லைன் பெர்சனாலிட்டி டிஸ்ஆர்டரைக் கண்டறியும் விதிகளைத் திருத்துகிறார்களாம். ஒன்பது அறிகுறிகளில் ஐந்து இருந்தால் நோய் என்று எண்ணுவதை விட்டு, ஆள் தன்னோடும் பிறரோடும் எப்படி வாழ்கிறார் என்று பார்க்கப் போகிறார்களாம்.

"உங்களுக்கு அந்தப் பேரே தேவைப்படாமப் போகலாம் சார்."

இருபது வருடம் கூடவே இருந்த நோய், அதுவும் என்னை விட்டுப் போகிறதா? சிரிக்காதீர்கள். விட்டுப் போய்விடுவார்களோ என்று பதறுவதுதான் அந்தப் பட்டியலில் முதல் அறிகுறியே.

டாக்டரம்மா கையில் தேய்த்த ஸ்பிரிட் வாசனையில் பழைய டாக்டரின் மாடியறை ஞாபகம் வந்தது. அங்கே ஸ்பிரிட்டோடு வெங்காயமும் மணக்கும். கீழே மூட்டை மூட்டையாக அடுக்கிய வெங்காயக் கிட்டங்கி. நோயாளிகள் எல்லோரும் கண்ணீரோடுதான் படியேறுவோம்.

அப்போது நான் கப்பல் ஏஜென்ட் ஆபீசில் கிளார்க். என்னை அந்த மாடியறைக்கு இழுத்துப்போனவன் புன்னைக்காயல் சேவியர். கொழும்புத் தோணியில் மாலுமி, எனக்கிருந்த ஒரே சிநேகிதன். டாக்டர் அறிகுறித் தாளைப் பார்த்து என்னைக் கேட்க, அவன் பதில் சொன்னான்.

"கோவம் அளவுக்கு மீறி வருமா?"

"ஹார்பர்ல லாரிக்காரன்கிட்ட மல்லுக்கட்டுதவன் டாக்டர். அங்க இந்தக் கோவமே பத்தாது."

"யாரும் விட்டுப் போயிருவாங்கன்னு பதறுவாரா?"

"பதறுவானாவா! நான் தோணி ஏறக் கூடாதுன்னு என் சீமேன் புக்கை அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வச்சான். இதுக்கு ரெண்டு டிக் மார்க்கா போடுங்க."

"உள்ளுக்குள்ள வெறுமையா இருக்குமா?"

இதற்கு மட்டும் சேவியர் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் தலையசைத்தேன். மிச்சக் கேள்விகளுக்கு நானே பதில் சொன்னேன்.

டாக்டர் நோயின் பெயரைச் சொல்லிவிட்டார். பெயர் தெரிந்த பிறகு எவன் கூட இருப்பான்? படியிறங்கும்போதே அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

"இனிமே போயிருவியால?"

"போவேன். புதன்கிழமை தோணி. பொறவு வருவேன். ரெண்டும் சேந்ததுதாம்ல."

அவன் தோணியில் போயிருந்த நாட்களில் நான் கடித்துத் துப்பிய நகத்துக்கு அளவில்லை. பதினோராம் நாள், உப்புப் பூத்த சட்டையோடு, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே என் மேசை முன்னால் வந்து நின்றான்.

"சொன்னேம்லா?"

இப்படி எத்தனை பயணம்! ஒவ்வொரு முறையும் போனான், ஒவ்வொரு முறையும் வந்தான். நான் தின்ற மாத்திரைகளையும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் என்னைத் தேற்றியது அந்த வரவுதான்.

இன்று அந்த டாக்டர் இல்லை. வெங்காயக் கிட்டங்கி செல்போன் கடையாகிவிட்டது. சேவியரும் கடலை விட்டுவிட்டான். போன ஞாயிறு டீக்கடையில் பேசிக்கொண்டிருந்தவன், பஸ்ஸைக் கண்டதும் சொல்லாமல் ஓடி ஏறிவிட்டான். ஆள் போய்விட்டான் என்று எனக்கு உறைத்ததே, அவன் பங்கு வடையையும் தின்று முடித்த பிறகுதான்.